கேள்விக்குறி அக்காவும் இருபத்தாறு சதவீதத் தம்பியும்

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அப்படி யார் வந்திருக்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து தேடுவார். 'கேள்விக்குறி அக்கா' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். முதுகு கூன் என்று நினைத்துவிடாதீர்கள், கம்பத்தைப்போல் நிமிர்ந்து நடக்கிறவர். அவருடைய பிழைப்பு ஒரு கேள்விக்குறிக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.

டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் முதலாளி, இன்னொன்றில் அக்கா. முதலாளி மென்பொருள் விற்கிறார். வாங்கியவர் அதைத் தன் கணக்கில் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். பதிவுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் முப்பத்தெட்டுக் கட்டங்கள். பெயர் என்ன, வேலை முடிந்தால் எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும், ஊர் பார்க்கலாமா கூடாதா, எதைப் படிக்க அனுமதி, எதை எழுத அனுமதி என்று கேட்டுக்கொண்டே போகும். பட்டம் வாங்கியவர்களே ஒன்பதாவது கட்டத்தில் முதலாளிக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். பதினான்காவது கட்டத்தில் ஒருவர் நேரில் வந்து கன்னத்தில் அறைந்துவிட்டே போனார். அதற்கு மறுநாள்தான் அக்காவை வேலைக்கு எடுத்தார்கள்.

அக்கா வந்த பிறகு வாடிக்கையாளர்களுக்குக் கட்டம் நிரப்பும் வேலையே இல்லை. படிவத்தின் இணைய முகவரியை எடுப்பார். அதன் வாலில் ஒரு கேள்விக்குறி போடுவார். அப்புறம் கட்டத்தின் பெயர், சமக்குறி, விடை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் முடிச்சுப் போல ஓர் அண்ட் குறி, இப்படி: &. முப்பத்தெட்டு விடைகளும் ஒரே லிங்க்குக்குள் அடங்கிவிடும். வாடிக்கையாளர் தொட்டால் படிவம் நிரம்பியே திறக்கும். கீழே ஒரு பச்சை பட்டன்.

"நான் நிரப்பிட்டேன். நீங்க அமுக்குறதோட சரி" என்பார் அக்கா.

இதற்கு முன் பத்தொன்பது வருஷம் அரசு அலுவலக வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர். அந்த நாளில் ஒரு மாலை புருஷன் கையை ஓங்கினார். ஓங்கியதுவரைதான் புருஷனுக்கு ஞாபகம். இயந்திரம் பதினாறு கிலோ, விழுந்தது முழங்காலில். இன்றும் அவர் எங்கோ ஓர் ஊரில் நொண்டிக்கொண்டிருக்கிறார். இயந்திரத்துக்கும் சேதம் உண்டு: 'க' எழுத்து அன்றோடு விழாமல் போயிற்று. "அதுக்கப்புறம் கணவர்னு அடிக்கவே முடியல" என்று அக்கா சாதுவாகச் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள்.

இந்த அக்காவிடம்தான் அண்ணன் வந்து சேர்ந்தார்.

அண்ணனும் தம்பியும் கட்டடம் இடிப்பவர்கள். மூன்று மாடியைக் காலையில் காட்டினால் வாரக்கடைசியில் அங்கே வானம் தெரியும். லாரிக் கதவில், ரசீதில், தொப்பியில் எல்லாம் ஒரே பெயர்: அண்ணன்&தம்பி. ஊர் முழுக்க அவர்களை அப்படியே கூப்பிட்டு, கடைசியில் அண்ணனின் மனைவியே "அண்ணன் சாப்பிட்டாரா?" என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட கதையும் உண்டு. இருவரும் பேசிக்கொள்வது குறைவு. கருத்து வேறுபாடு வந்தால் அண்ணன் செங்கல்லை எடுப்பார், தம்பி கம்பியை எடுப்பார், ஐந்து நிமிஷத்தில் பிரச்சினை தீர்ந்து இருவரும் கட்டுப் போட்டுக்கொள்ளப் போவார்கள். கூலியாட்கள் பீடியை அணைக்கக்கூட மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. அண்ணனுக்கு வீடு, மனைவி, பிள்ளைகள், மாமனார் வீட்டுத் தோட்டம் என்று எல்லாம் இருந்தன. தம்பிக்கு அந்தப் பெயரில் இருந்த பாதியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. கட்டாந்தரையில் படுத்துத் தூங்குகிற மனிதர். தொப்பியைக் கழற்றித் தலைமாட்டில் வைக்கும்போது 'தம்பி' என்ற எழுத்து மேலே தெரிகிறமாதிரி வைப்பார்.

தினமும் இடித்ததைப் படம் எடுத்துக் கட்டடச் சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு மென்பொருள் வாங்கினார் அண்ணன். அக்கா லிங்க் எழுத உட்கார்ந்தார். முதல் கட்டமே பெயர்.

அண்ணன்&தம்பி என்று அப்படியே எழுதினால் என்ன ஆகும்? அந்த & குறியைப் படிவம் முடிச்சு என்று எடுத்துக்கொள்ளும். பெயர் அண்ணனோடு முடிந்தது, 'தம்பி' என்று ஏதோ புதுக் கட்டம் வருகிறது, அப்படி ஒரு கட்டம் நம்மிடம் இல்லையே, தூக்கிப் போடு என்று தம்பியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அப்படி நடக்காமல் இருக்க, பெயருக்குள் வரும் & குறியை அதன் பட்டப்பெயரால் எழுத வேண்டும். அந்தப் பட்டப்பெயர் %26. அக்காவின் அகராதியில் இது அரிச்சுவடி. எழுதினார்:

நேம்=அண்ணன்%26தம்பி

மற்ற முப்பத்தேழு கட்டங்களையும் கட்டி முடித்தார். அண்ணன் அக்காவின் கம்ப்யூட்டரிலேயே தன் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, பச்சை பட்டன் எங்கே என்று கேட்டார்.

"இருங்க. பங்காளியும் ஒரு தடவ பாத்துட்டு சரின்னு சொல்லட்டும்" என்றார் அக்கா. பத்தொன்பது வருஷ விண்ணப்ப அனுபவம்.

அண்ணன் லிங்க்கைத் தம்பிக்கு அனுப்பினார். 'பாத்துட்டு சரின்னு சொல்லு' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

தம்பி அப்போது ஒரு பழைய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பாதி உடைந்த சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். லிங்க்கைத் தொடவில்லை. படித்தார். பாவம், படிக்கத்தான் சொல்லியிருந்தார்கள்.

இருபது நிமிஷம் கழித்து, மதியம் பன்னிரண்டே காலுக்கு, மாடிப்படியில் யாரோ இரும்பை இழுத்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. கதவுக் கண்ணாடி வெளியே இருந்து உள்ளே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சம்மட்டி வந்தது. சம்மட்டிக்குப் பின்னால் தம்பி வந்தார்.

"இருபத்தாறா?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. சம்மட்டி சுழன்றது. தண்ணீர் கேன் வெடித்தது. பிரிண்டர் ஒரு தடவை தானாகவே ஓடி, ஒரு வெள்ளைத் தாளைத் துப்பிவிட்டு உயிரை விட்டது. முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார், மறுகணம் கழிவறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"டேய், என்னடா ஆச்சு உனக்கு?" என்று அண்ணன் எழுந்தார்.

"எனக்கு இருபத்தாறு பர்சென்ட்! மிச்சம் எழுபத்து நாலும் உனக்கா? அண்ணனாடா நீ?"

சம்மட்டியின் பிடி அண்ணனின் வலது தோளில் இறங்கியது. உள்ளே ஏதோ பிளந்தது. முப்பது வருஷமாகத் தூண்களை உடைத்தவருக்கு அந்தச் சத்தம் தெரியும். எது உடைந்தது என்று அவருக்கே முதலில் தெரிந்திருக்கும். விழுந்துகொண்டே தலையால் முட்டினார். தம்பியின் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரத்தம் கீபோர்டில் கொட்டியது. கண்ணாடிச் சில்லு ஒன்று அக்காவின் கன்னத்தைக் கீறிக்கொண்டு போயிருந்ததை அக்கா இன்னும் கவனிக்கவில்லை.

"பப்ளிக் ஃபால்ஸ்னு வேற போட்டிருக்கு. ஊருக்குத் தெரியாம அமுக்கப் பாத்தியா?" தம்பி ஒரு காலை அண்ணனின் மார்பில் வைத்து அழுத்தினார். "அப்புறம் ரைட்டு, ரைட்டுன்னு நாலு எடத்துல. எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டியா?"

கழிவறைக்குள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது: "அக்கா! அவரு கேக்குறபடி அம்பதுன்னு மாத்திக் குடுத்துடுங்க!"

இங்கேதான் அக்காவின் நேர்மை கழுத்தை அறுத்தது. "அம்பதுன்னு போட முடியாது சார். அம்பதுன்னா இங்கிலீஷ் 'பி' எழுத்து வரும். அண்ணன்-பி-தம்பின்னு ஆயிடும்."

"பாத்தியா? அம்பது போட முடியாதாம்!" தம்பி சம்மட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். கீழே அண்ணனின் தலை இருந்தது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. பயம் வரவேண்டிய இடத்தில் ஏன் கோபம் வந்தது என்றால், அவர் நிரப்பிய கட்டத்தைத் தப்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"தம்பி! இருபத்தாறு உங்க பங்கு இல்ல. அந்த அண்ட் குறிக்குப் பேரே அதுதான். நாலு எடத்துல வர்ற ரைட்டும் உரிமை இல்ல, எழுதுற ரைட்டு. ஓங்குன கைய அப்படியே வச்சுக்குங்க, இறக்க வேணாம். இங்க பாருங்க."

ரத்தம் ஒட்டிய விரலால் மானிட்டரைத் திருப்பினார். லிங்க்கைத் தட்டினார். படிவம் திறந்தது. முதல் கட்டத்தில் முழுசாக இருந்தது: அண்ணன்&தம்பி.

"இந்த இருபத்தாறுதான் உங்கள உள்ள புடிச்சு வச்சிருக்கு. அத எடுத்துட்டா என்ன ஆகும்னு பாக்குறீங்களா?" %26 இருந்த இடத்தில் வெறும் & போட்டு மறுபடி தட்டினார். முதல் கட்டத்தில் இப்போது 'அண்ணன்' மட்டும் இருந்தார்.

தம்பியின் கை தளர்ந்தது. சம்மட்டி தரையில் நின்றது. மூக்கிலிருந்து வடிந்ததைத் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை திரையைப் பார்த்தார். "அப்ப நான் பாதிதானா?" என்று கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் அக்காவுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்திருக்கலாம். ஆனால் விளக்கம் கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. கேட்கிறவர் இரண்டு பேர் என்றால் இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்.

அண்ணன் மேஜையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். வலது கை தனியாகத் தொங்கியது. திரையைப் பார்த்தார். 'அண்ணன்' என்று தனியாக நின்ற அந்தக் கட்டத்தையே பார்த்தார்.

"இது நல்லா இருக்கும்மா. இதையே வச்சுக்குவோம்" என்றார்.

"இது தப்பு லிங்க். சும்மா காட்டுறதுக்கு…"

"விசாரிக்காம மண்டைய உடைக்க வந்தவன்கூட எனக்கு என்ன பாதி? நாப்பது வருஷம் தூக்கி வளத்தேன்."

இடது கையால் மவுஸைப் பிடித்தார். அக்கா தடுக்க எழுவதற்குள் பச்சை பட்டனை அமுக்கிவிட்டார். கணக்கு அவருடையது, படிவம் அவர் கண்முன்னால் இருந்தது, விரலும் அவருடையதுதான்.

தம்பியும் அதைப் பார்த்தார். அடுத்த கணம் சம்மட்டி மேஜைமேல், மவுஸ்மேல், மவுஸைப் பிடித்திருந்த கைமேல் இறங்கியது. அண்ணன் போட்ட சத்தத்தில் கீழே டயர்க் கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்தினார்.

திரையில் சிவப்பில் ஒரு வரி வந்திருந்தது. யாரும் பார்க்காததால் அக்காவே சத்தமாகப் படித்தார்: "இந்தப் பெயர் ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது."

கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். "யாருடா அது?"

உலகத்தில் எங்கோ ஓர் அண்ணன் முந்திக்கொண்டிருந்தார். அவருக்கு எத்தனை தம்பிகளோ, அவர்கள் எல்லாம் லிங்க்கைப் படித்துப் பார்த்தார்களோ இல்லையோ.

ஆஸ்பத்திரிக்குப் போய், மேலே சுவர் விழுந்ததாகச் சொன்னார்கள். தொழில் அப்படி, டாக்டர் நம்பினார். மூன்று பேரும் ஒரே லாரியில்தான் போனார்கள். அக்காவுக்குக் கன்னத்தில் நாலு தையல். முதலாளியை மட்டும் மாலையில்தான் வெளியே கொண்டுவர முடிந்தது, தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது.

பதினோரு நாள் கழித்து அண்ணனும் தம்பியும் மாடியேறி வந்தார்கள். அண்ணனின் வலது கை கழுத்தில் கட்டிய தொட்டிலில், இடது கை முழங்கைவரை மாவுக்கட்டில். தம்பிக்கு மூக்கின்மேல் ஒரு பிளாஸ்திரி. வேறு வழியில்லை: கட்டடச் சொந்தக்காரர் படம் கேட்கிறார், பதிவு இல்லாமல் படம் போகாது, பட்டனை அமுக்க அண்ணனிடம் ஒரு விரலும் மிச்சமில்லை.

அக்கா சரியான லிங்க்கைத் திறந்துவிட்டு நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி உட்கார்ந்தார். ஆனால் அமுக்கவில்லை. முதல் கட்டத்திலிருந்து எழுத்துக் கூட்டி, வாய்விட்டு, ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.

"டேய், மூக்கு அரிக்குதுடா" என்றார் அண்ணன்.

"இரு. பன்னெண்டாவதுல இருக்கேன்."

"என்னதான் கேக்குறான் அதுல?"

"ஊரு பாக்கலாமான்னு கேக்குறான்."

"வேணாம்னு சொல்லு."

"வேணாம்னுதான் அக்கா போட்டிருக்காங்க. சும்மா இரேன், விட்ட எடம் மறந்துடும்."

முக்கால் மணிநேரம் ஆயிற்று. முப்பத்தெட்டாவது கட்டம் முடிந்ததும் தம்பி திரும்பவும் மேலே போய்ப் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பச்சை பட்டனை அமுக்கினார். பதிவாகிவிட்டது என்று வந்தது.

"ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து அண்ணனின் முகத்தை நோக்கிக் கையை நீட்டினார். அண்ணன் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சொறியத்தாண்ணே" என்றார் தம்பி.