பக்தி முற்றிய முன்கண்ணாடி

போர்வெல் லாரியில் முப்பது வருடம் இந்தியாவைச் சுற்றியவர் குழந்தைவேல். அவருடைய ரிக் வண்டி துளை போடாத மாநிலம் இல்லை. ராஜஸ்தானில் ஓரிடத்தில் எவ்வளவு இறக்கியும் ஈரம் தட்டவில்லையாம். குழாயில் காதை வைத்துப் பார்த்தால், அடியில் புருஷனும் பெண்டாட்டியும் சீன மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். "அடுத்தவங்க ஊட்டுக் கூரையில ஓட்டை போடறது நாயமில்லைன்னு மூடிப்போட்டு வந்துட்டமுங்க" என்பார். மோகனூர் டீக்கடையில் அவர் இதைச் சொல்லும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். பேசினால் அடுத்த கதை வராது.

ஐம்பத்தெட்டு வயதில் முதுகு மக்கர் செய்ய, ஊரோடு வந்து சேர்ந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். மனைவி தெய்வநாயகி அம்மி நகர்த்தினால் அதற்கொரு யோசனை, குழம்பு தாளித்தால் அதற்கொரு யோசனை. மூன்றாம் மாதம் தெய்வநாயகி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் மாமா, ஒண்ணு நீங்க வேலைக்குப் போங்க, இல்லாட்டி நான் போறேன். ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருந்தா ஊடு தாங்காது."

அப்படி வந்ததுதான் அந்த வெள்ளைக் கார். வாடகைக்கு ஓட்ட பெர்மிட் போட்ட பழைய வண்டி. வந்த ஒரு மாதத்திலேயே நிரந்தரமாக ஒரு சவாரியும் கிடைத்தது. குமாரபாளையத்துக்காரரான தனப்பிரியா, கோழிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். தீவனக் கம்பெனி ஒன்றுக்காக நாமக்கல்லைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்குத் தினமும் போய்வருகிறவர். அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது குழந்தைவேலின் வேலை. முதல் நாளே டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். முந்தைய டிரைவர் பிரேக் பிடிக்காததைச் சொல்லாமல் மறைத்து, டாக்டரோடு சேர்த்து வண்டியை ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் இறக்கியிருந்தார்.

"வண்டியில எது கோளாறானாலும் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிரணுங்ணா. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"அதுக்கென்னங் டாக்டரம்மா, சொல்லாம இருப்பனுங்களா?"

சொல்லாமல்தான் இருந்தார்.

பங்குனி வெயிலில் ஒருநாள், எங்கிருந்தோ தெறித்த கல் ஒன்று முன்கண்ணாடியில் பட்டது. 'டொப்' என்று ஒரு சத்தம். டிரைவர் பக்கத்தில், கொஞ்சம் கீழாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு சின்ன நட்சத்திரம். பின்சீட்டில் டாக்டர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. சொன்னால் வேறு வண்டி பார்த்துக்கொள்வாரோ என்று குழந்தைவேல் பயந்தார். இந்த வேலை போனால் மறுபடியும் வீடு, மறுபடியும் அந்தக் கரண்டி.

டீக்கடையில் கூட்டாளி சின்னண்ணனிடம் யோசனை கேட்டார். சின்னண்ணன் கார் வைத்திருந்ததே கிடையாது. அதனாலேயே கார்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"கண்ணாடிய மட்டும் மாத்திப்போடாதீங் மாப்ள. கம்பெனியில ஒட்டுனதப் பிரிச்சா, அப்புறம் மழை பேஞ்சா தண்ணி நேரா மடியிலதான் ஒழுகும். பல்லு வெளக்கற பேஸ்ட்ட அப்பி உடுங்க."

பேஸ்ட் அப்பினார். காய்ந்து உதிர்ந்தது. அடுத்து ஒரு யோசனை தானாகவே வந்தது. மறுநாள் காலை, தெய்வநாயகி இழைத்து வைத்திருந்த சந்தனத்தில் ஒரு உருண்டை எடுத்து, நட்சத்திரத்தின் மேல் வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. டாக்டர்கூட "இன்னைக்கு என்ன விசேஷங்ணா?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமைங்க."

அன்று புதன்கிழமை. ஆனால் கோழி டாக்டர்களுக்குக் கிழமை மறந்துபோவது சகஜம்.

பொட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பண்ணை வாசலில் கார் உச்சி வெயிலில் வறுபடும். டாக்டர் ஏறியதும் ஏசியை முழுதாகத் திருப்புவார். வெளியே நெருப்பு, உள்ளே பனிக்கட்டி. நட்சத்திரத்திலிருந்து ஒரு கீறல் பக்கவாட்டில் கிளம்பியது. மறுநாள் பொட்டுக்கு மேல் திருநீற்றுப் பட்டை மூன்று விரல் அகலத்துக்கு ஏறியது. கீறல் வளர வளரப் பட்டையும் வளர்ந்தது. பிறகு எருமப்பட்டி வேகத்தடையில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியதில், கீறல் திசை மாறி மேல்நோக்கி ஓடத் தொடங்கியது. அதற்குப் பட்டை ஆகாது. ஒரே இரவில் கார் வைணவத்துக்கு மாறியது.

"போன வாரம் பட்டை, இந்த வாரம் நாமமா?" என்றார் டாக்டர்.

"நாமக்கல்லுக்காரன் நாமம் போடலீன்னா நரசிம்மரு கோவிச்சுக்குவாருங்க டாக்டரம்மா."

ஊரில் காரின் புகழ் பரவியது. பால் சொசைட்டி வாசலில் வண்டியை நிறுத்தினால் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ வைப்பரில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார்கள். சேந்தமங்கலத்துப் பண்ணை ஒன்றில், இந்தக் கார் உள்ளே நுழைந்தாலே கோழிகள் வரிசையாகக் கழுத்தைத் தாழ்த்தி வணங்கும் என்று சொல்வார்கள். அது தீவனம் கொத்தும் நேரம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை; ஆனால் வீட்டில் சந்தனக்கட்டை தேய்ந்து துரும்பானது சத்தியம். "சாமிக்கு வெக்கிறதுக்கு மேல எச்சா காருக்கல்ல போகுது?" என்று தெய்வநாயகி முறைத்தார்.

சித்திரை பிறந்து, ஒரு புதன்கிழமை நண்பகல், சேந்தமங்கலம் தாண்டியதும் வானம் கறுத்தது. கோடை மழை சொல்லிவிட்டா வரும்? சடசடவென்று அடித்தது. பழக்க தோஷத்தில் குழந்தைவேல் வைப்பரைப் போட்டார். அவ்வளவுதான். சந்தனம், குங்குமம், திருநீறு, திருமண் எல்லாம் சேர்ந்து குழைந்து, கண்ணாடி முழுக்கச் செம்மண் குழம்பு மெழுகியது. எதிரே சாலையும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை.

"அண்ணா! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மழையில் நனைந்தபடியே வண்டியை ஒரு புளியமரத்தடிக்கு ஓரங்கட்டினார். மழை கண்ணாடியைக் கழுவியது. கழுவக் கழுவ, உள்ளிருந்தது வெளியே வந்தது. காவிரியில் திருமணிமுத்தாறு வந்து விழுவதுபோல, படுத்தவாக்கில் ஒரு கீறலும் நின்றவாக்கில் ஒரு கீறலுமாக.

டாக்டர் பின்சீட்டிலிருந்து எட்டி, கீறலைக் கண்ணால் அளந்தார்.

"இது எப்பத்திலிருந்துங்ணா?"

"நாமம் போட்டப்பவே இருந்துதுங்க."

"பட்டை?"

"அதும் இதுக்குத்தானுங்க."

"அந்த மொதப் பொட்டு?"

"ஆமாங்க."

"அப்ப இந்த பக்தியெல்லாம்?"

"அது ஊட்டுக்காரியோடதுங்க. சந்தனம் மட்டுந்தான் நான் எடுத்தது."

வேறு சமயமாக இருந்தால் டாக்டர் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. "கல்லு பட்டதுக்கு உங்களை யாரு என்ன சொல்லப்போறாங்க? எங்கிட்ட மறைச்சீங்களே, அதுதாங்ணா. ரெண்டு உசுரு இதுக்குள்ள உக்காந்து போகுது. ஞாயித்துக்கெழமை வரைக்கும் யோசிக்கிறேன். திங்கக்கெழமைக்கு உங்களக் கூப்புடறதா, வேற வண்டி சொல்றதான்னு."

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில், சௌந்தர்யாவின் கார்க்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஆட்டோமொபைல் படித்துவிட்டு அண்ணன் அன்புவோடு சேர்ந்து நடத்துகிறாள். மறுநாள் காலை குழந்தைவேல் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும், அவள் டார்ச் அடித்து, கீறலுக்குள் அடைந்திருந்த சந்தனத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பழனியில இருந்து நேரா இங்கதான் வாரீங்களா?"

"அம்முணி, கிண்டல் அப்புறம் பண்ணிக்க. ஏதோ மருந்து ஊத்தி ஒட்டுவாங்களாமே, அத ஊத்தி உடு சாமி."

"அது கல்லு பட்ட அன்னைக்குச் செய்யற வேலைங்க. மேல ஒரு டேப்ப ஒட்டி, தண்ணி தூசு போகாம கொண்டாந்திருந்தா, அரை மணி நேரத்துல பிசின ஊத்தி அப்பிடியே நிறுத்தியிருப்பேன். நீங்க உள்ளார பஞ்சாமிர்தமே பெசஞ்சு வெச்சிருக்கீங்க. அழுக்கு இருந்தா பிசின் புடிக்காது. அதுபோக இது மொழ நீளம் ஓடியாச்சு, அதும் உங்க கண்ணுக்கு நேரா. மாத்தித்தான் ஆகணும்."

குழந்தைவேல் தயங்கித் தயங்கி, மழைத் தண்ணீர் மடியில் ஒழுகும் கதையைக் கேட்டார்.

"ஒழுங்கா ஒட்டாட்டி ஒழுகத்தான் செய்யும். பழைய பசையச் சுரண்டி, துரு இருந்தாத் தேச்சு, புதுசா ஒட்டுனா ஏன் ஒழுகுது? முன்கண்ணாடி சும்மா காத்துக்கு மறைப்புன்னா நெனச்சீங்க? வண்டி கவுந்தா கூரைய அமுங்காமத் தாங்கறதுல அதுக்கும் பங்கு இருக்குதுங்க." அவர் சாவியை நீட்டியதும் கையை உயர்த்தினாள். "இருங்க இருங்க. மொதல்ல போட்டோ புடிச்சு இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்க. நான் கழட்டிப்போட்ட பின்னால சொன்னா, அவங்க எதையப் பாப்பாங்க?"

இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துச் சரி சொல்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனது. சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. மெல்லிய கம்பியால் பசையை அறுத்து, அண்ணனும் தங்கையும் பழைய கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் தாங்கிப் பிடித்திருந்ததால் ஒரு சில்லுகூட உதிரவில்லை. கறுப்புப் பசையைச் சட்டத்தைச் சுற்றிப் பூசி, புதுக் கண்ணாடியை இறக்கி, நகராமல் இருக்க டேப் ஒட்டினாள் சௌந்தர்யா.

கூடவே வந்திருந்த தெய்வநாயகி ஆரத்தித் தட்டோடு எழுந்தார். சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நிறையத் தளும்பியது. மற்றொரு கையில் தேங்காய்.

"அம்மா! ரெண்டு நாளைக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுங்க!" என்று சௌந்தர்யா நடுவில் பாய்ந்தாள். "தேங்காய ரோட்டுல ஒடைங்க. கண்ணாடிப் பக்கம் வராதீங்க."

"புது மொகத்துக்குத் திருஷ்டி கழிக்க வேண்டாமா ஆத்தா?"

"அவிங்க மூணு வாரமாக் கழிச்சதே போதுங்க!"

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. டாக்டர்.

"அண்ணா, எருமப்பட்டிப் பண்ணையில கோழிக்கு மூச்சு வாங்குதாம். வேற வண்டி ஒண்ணும் சிக்கல. கண்ணாடி மாத்தியாச்சுங்களா?"

"மாத்தியாச்சுங்க டாக்டரம்மா!" குரலிலேயே வண்டி கிளம்பிவிட்டது. தெய்வம் கதவைத் திறந்துவிட்டது என்று நினைத்தார்.

"அப்ப உடனே வாங்க."

சாவியை எடுத்தார். சௌந்தர்யா வழியை மறித்தாள். "பாத்தா ஒட்டுன மாதிரித்தான் தெரியும். இந்தப் பசை எறுகறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுங்க. இப்ப எடுத்தீங்கன்னா, ஒரு பள்ளத்துல எறங்குனா நகந்துரும். அப்பறம் நான் ஒட்டுனதும் ஒண்ணுதான், நீங்க சந்தனம் அப்புனதும் ஒண்ணுதான்."

குழந்தைவேல் கண்ணாடியைப் பார்த்தார். டேப்புகளுக்கு நடுவே சும்மா பளபளவென்று இருந்தது. எருமப்பட்டிக்கு மெதுவாகப் போனால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? போகாவிட்டால் திங்கட்கிழமை இல்லை, அது நிச்சயம். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா," என்றார். "கண்ணாடி மாட்டியாச்சு. ஆனா ஒட்டு இன்னும் புடிக்கலைங்க. ஒரு மணி நேரம் நவுத்தக்கூடாதுங்கறாங்க. உங்கள வெச்சு இப்ப ஓட்ட மாட்டனுங்க. நீங்க வேற யாரையாச்சும் பாத்துக்கங்க."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அவர் கடை வாசலில் உட்கார்ந்தார். தெய்வநாயகி தேங்காயைச் சாலையில் உடைத்து, ஒரு சில்லை அவர் கையில் வைத்தார். "தின்னுங் மாமா. சரியாத்தான் சொன்னீங்க." ராஜஸ்தான் கதையைக்கூட தெய்வநாயகி ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை.

ஒரு மணி நேரம் ஆகி, சௌந்தர்யா தலையாட்டும்போது மறுபடி போன் வந்தது. பண்ணைக்காரரே வந்து டாக்டரை புல்லட்டில் ஏற்றிப் போயிருந்தார்.

"கோழிக்கு மருந்து குடுத்தாச்சுங்ணா. தப்பிச்சுக்கும். ஆனா இந்த புல்லட்டுல திரும்பி வந்தா நான் தப்பிக்க மாட்டேன். ஒட்டு புடிச்சுதா?"

"புடிச்சுதுங்க!"

"அப்ப மெதுவா வாங்க."

சௌந்தர்யா சொன்னபடி, கதவைச் சாத்தும்போது உள்காற்று கண்ணாடியைத் தள்ளாமலிருக்க ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கிவிட்டு, பள்ளம் மேடு பார்த்து, மாட்டு வண்டி போல எருமப்பட்டி போய்ச் சேர்ந்தார். டாக்டர் காரைச் சுற்றிவந்து, பொட்டில்லாத கண்ணாடியை ஒரு முறை பார்த்துவிட்டு ஏறினார்.

"திங்கக்கெழமை ஆறு மணிக்கு வந்துருங்க. இனிமே ஆத்தூர்ப் பக்கமும் நம்மதான் பாக்கணுமாம். தூரம் ஜாஸ்தி."

குழந்தைவேல் வண்டியைக் கிளப்பவில்லை.

"என்னங்ணா?"

"டாக்டரம்மா, அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிரணுங்க. ஃபாஸ்டேக் பழைய கண்ணாடியோட போயிருச்சு. புதுசு வார வரைக்கும் டோல்கேட்டுப் பக்கம் போக முடியாதுங்க."

"சரிங்ணா. வாங்கிக்கலாம்."

"எடது பக்கத்து இண்டிகேட்டரு சமயத்துல எரியாதுங்க."

"சரி."

"டிக்கி ரெண்டு தட்டு தட்டுனாத்தான் தொறக்கும். ஸ்டெப்னி டயரு பாதி மொட்டை. ஏசியப் போட்டா மொதல்ல கொஞ்ச நேரம் வேப்பம்புண்ணாக்கு வாசம் வரும், அது நான் ஒருக்கா தோட்டத்துக்கு மூட்டை ஏத்துனது, உங்ககிட்ட சொல்லல..."

டாக்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தார். "போதுங்ணா! வண்டிய எடுங்க!"

"எடுக்கறனுங்க. அந்த ஹாரன் பத்தி மட்டும் சொல்லிப்போட்டு எடுக்கறனுங்க."