நெம்புகோலின் நுனியில் எடை

அவள் ஒரு உயர்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். மீட்டர் கோலையும் எடைக்கற்களையும் மேசையில் எடுத்து வைப்பதும், லென்சுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவதும் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. பாடம் நடத்துவது டீச்சர்தான். ஆனால் ஒரே பாடத்தை வருடத்துக்கு நான்கு வகுப்புகளில் கேட்டுக் கேட்டு, அவளுக்கு அத்தனையும் தண்ணீர்பட்ட பாடு.

கணவருக்கு ஒரு சலவை ஆலையில் கொதிகலன் பார்க்கும் வேலை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறந்து ஆவி வீணாப் போகுதாம், துணி காயலையாம். மேனேஜர் கத்துறாரு. அதான் வால்வ அமுக்கிப் பிடிக்கிற நெம்புகோல்ல தொங்குற எடைய நுனிக்குத் தள்ளி கம்பியால கட்டச் சொல்லிட்டாரு. எடைய ஒண்ணும் கூட்டல."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னங்க இது? தூரம் கூடினா அதே எடை இன்னும் பலமா அமுக்குமே. உள்ள அழுத்தம் எகிறினாலும் வால்வு திறக்காது. அவுத்து விடுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன். பயமா இருந்தா வீட்டுலயே இருங்கிறாரு."

அந்த வாரம் மகளுக்குப் பரீட்சை. வீட்டில் சண்டை வேண்டாமென்று அவள் அதோடு விட்டுவிட்டாள்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குக் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. ஆவி நேராக அவர் முகத்திலும் மார்பிலும் அடித்தது.

"கொதிக்கிற தண்ணி இல்லையே அண்ணி, வெறும் ஆவிதானே. அண்ணன் பொழைச்சுக்குவாரு" என்று மருத்துவமனை வாசலில் கொழுந்தன் தேற்றினான்.

அவளுக்குத் தெரியும். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே, கொதிநீர் தருவதைப் போலப் பல மடங்கு வெப்பத்தை அங்கே இறக்கிவிடும். இது தெரியாதவளாக இருந்திருக்கக் கூடாதா என்று பதினோரு நாள் நினைத்தாள். பன்னிரண்டாம் நாள் அவர் போய்விட்டார்.

விசாரணைக்குக் கொதிகலன் ஆய்வு அதிகாரி ஆலைக்கு வந்தபோது அவளும் போயிருந்தாள். எடை பழைய இடத்துக்கே வந்திருந்தது. வேலை பார்த்தவரின் கவனக்குறைவு என்றார் மேனேஜர். அவள் கோலருகே போய் நுனியைக் காட்டினாள். கம்பி உராய்ந்து பெயிண்ட் போன இடம் விரலகலத்துக்குப் பளபளத்தது.

"எடை இங்கதான் சார் இருந்துச்சு. இங்க இருந்தா எவ்வளவு அழுத்தத்துல திறக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

அதிகாரி டேப் வைத்து அளந்தார், குறித்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து வந்த அறிக்கை, தவறு இரு தரப்பிலும் என்றது. எடையைக் கட்டிய கை கணவருடையதாம். மேனேஜரை வேறு ஆலைக்கு மாற்றினார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதிகலனுக்குப் புதிதாகச் சேர்ந்தவர் வீடு தேடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்ன நடந்துச்சுன்னு ஆலையில யாரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க, அக்கா."

அவள் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மேசையில் ஒரு பென்சிலை வைத்து எடை இருந்த இடத்தையும் காட்டினாள். அவர் பென்சிலின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போகட்டுமா?"

போகச் சொன்னால் அந்தக் கொதிகலன்; வேண்டாமென்றால் சம்பளம் போய்விடும். அவருக்கு இரண்டு பிள்ளைகள்.