எலுமிச்சம்பழம் வாங்காத சனிக்கிழமை

இந்த ஊரில் எல்லோரும் தேவாலயத்துக்குள் ஷூவோடு போகிறார்கள். மழைநாளில் சேற்றோடும் போகிறார்கள். வந்த புதிதில் நான் வழக்கம்போல வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஜூலியா என்ற மூதாட்டி என் காலுறையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "வலிக்கிறதா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் "இல்லை, மரியாதை" என்றேன். ஷூ கடிக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அடுத்த ஞாயிறு இறந்துபோன தன் கணவரின் ஷூவைப் பாலிஷ் போட்டுப் பையில் கொண்டுவந்து கொடுத்தார். ஊரெல்லாம் ஷூ தைக்கிற ஆம்பூர்க்காரனுக்கு இத்தாலியில் ஷூ தானம். ஒரு சைஸ் பெரியது. மறுக்க மனம் வரவில்லை. இன்றும் ஞாயிறுதோறும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். உட்கார்ந்ததும் பெஞ்சுக்கு அடியில் காலை மட்டும் மெல்ல வெளியே எடுத்துவிடுகிறேன்.

நான் இங்கே வந்ததும் தோலால்தான். வடக்கு இத்தாலியில் இது ஒரு தோல் பதனிடும் ஊர். வாணியம்பாடியில் படித்து, ராணிப்பேட்டையில் வேலை பழகி, இங்கே ஒரு கம்பெனியில் சாயப் பிரிவில் இருக்கிறேன். அதே தோல், அதே டிரம், அதே குரோம். ஆனால் முழங்கை வரை கையுறை உண்டு, வேலை முடிந்தால் வெந்நீர்க் குளியல் உண்டு. சோப்பு வாசனையோடு வீட்டுக்குப் போகிறேன். ஜூலியாவின் கணவரும் தோல்காரர்தானாம். தேவாலயத்தில் சமாதானம் சொல்லிக் கை குலுக்கும் நேரத்தில் யாரும் என் கையை முகர்ந்து பார்ப்பதில்லை.

ஆம்பூரில் என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். தோலிலிருந்து முடியை நீக்கும் வேலை. அந்த நாற்றம் குளித்தால் போகாது, நகக்கண்ணில் குடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அவரை உட்காரவைத்து எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு கையிலும் தேய்ப்பார். வெடிப்புகளில் சாறு இறங்கும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஞானப்பாட்டு பாடுவார், அதுவும் சுருதி இல்லாமல். ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை, அதன் மேல் பவுடர். அப்படியும் தோல் வேலை செய்கிறவர்கள் உட்காருவது கடைசி ஜன்னல் பெஞ்சில்தான். யாரும் சொன்னதில்லை. அவர்களாகவே அங்கே போய் உட்காருவார்கள்.

போன வருடம் ஆம்பூரில் எங்கள் சபைக் கோயிலுக்கு ஏசி போட்டார்கள். ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். உடனே சபை செக்ரட்டரி வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய அப்பாவும் தோல் சுமந்தவர்தான். இவர் வேலூரில் ஆபீஸ் வேலை, அங்கேயே சத்துவாச்சாரியில் வீடு, ஞாயிறு மட்டும் ஆம்பூர்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஏசி ரூம்ல வாடை ஜாஸ்தியா தெரியுது, ஜனங்க பேஜார் ஆவுறாங்க. நீங்க காலைல ஆறரை மணி ஆராதனைக்கு வந்துடுங்களேன்."

"ஆறரைக்கு வந்தா வாடை போய்டுமா தம்பி?" என்று அப்பா கேட்டாராம். "இல்ல, அந்நேரத்துல கர்த்தருக்கு மூக்கு அடைச்சிருக்குமா?"

இதைப் போனில் சொல்லிவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோயிலையே விட்டுவிடுங்கள் என்றேன். நான் ஞானஸ்நானம் வாங்கின கோயிலை இன்னாத்துக்குடா விடணும் என்றார். அன்று நானும் போனில் சேர்ந்துகொண்ட குடும்ப ஜெபத்தில் செக்ரட்டரியின் மகனுக்கு ஜுரம் குணமாக வேண்டும் என்று வேறு வேண்டிக்கொண்டார். நான் போனிலேயே சத்தம் போட்டேன்.

"அவன் மேல கோவத்த வெச்சிகினு நான் எப்பிடிடா போய் திருவிருந்து அப்பத்துக்குக் கைய நீட்றது?" என்றார் அப்பா.

பாத்திரத்தை வெளியே மட்டும் கழுவுகிறவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சபைக் கமிட்டிக்கு மட்டும் தெரியவில்லை. இருதயம் சுத்தமாக இருப்பவர்களுக்குத் தேவன் தெரிவார் என்று பிரசங்கம் செய்கிற இடத்தில், மனுஷனை மூக்கால் பிரிக்கிறார்கள். நான் பார்த்ததில் சுத்தமான மனசு என் அப்பாவுக்குத்தான். அதனால்தான் அவரால் அப்படிச் சிரிக்க முடிகிறது. அந்தச் சந்தோஷத்தை எந்தக் கமிட்டியும் அவருக்குக் கொடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. என் கையில் இப்போது ஒரு வாடையும் இல்லை. ஆனால் மனசுக்குள்ளே அந்த செக்ரட்டரி உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அப்பா மன்னித்துவிட்டார் என்பதற்காக அவர்கள் செய்தது சரியாகிவிடாது.

இந்த மாதத் திருவிருந்துக்கு முந்தின நாள் அம்மாவிடம் பேசினேன். தேய்த்தாகிவிட்டதா என்று சும்மா கேட்டேன்.

"இல்லடா."

"பழம் கிடைக்கலியா?"

"கடையில நெறைய இருந்திச்சி. நான்தான் வாங்கல. இத்தினி வருஷம் யாருக்கு பயந்து தேய்ச்சேன்னு யோசிச்சேன். கர்த்தருக்கு இவரு மனசு தெரியும். ஊருக்குத்தான் தேய்ச்சிருக்கேன். போதும்."

மறுநாள் அங்கே ஒன்பது மணி ஆராதனை, இங்கே விடிகாலை. கோயிலில் ஏசியோடு கேமராவும் வந்திருக்கிறது, ஆராதனையை லைவில் காட்டுகிறார்கள். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு உட்கார்ந்தேன். ஆறரைக்கும் போகாமல், கடைசி பெஞ்சுக்கும் போகாமல் அப்பா முதல் பெஞ்சில் இருந்தார். அதே வெள்ளைச் சட்டை.

எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திருவிருந்துக்கும் முதலில் ஆண்கள் வரிசையாக முழங்காலிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் வருவார்கள். அப்பா போய் முழங்காலிட்டார். அவருக்கு அடுத்து வந்தவர் ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி முழங்காலிட்டார். அந்தக் காலியிடம் கேமராவில் பளிச்சென்று தெரிந்தது. ஆயர் அப்பத் தட்டோடு நெருங்கிக்கொண்டிருந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தபடி எழுந்து, நடுப்பாதையைத் தாண்டி நேராக வந்து அந்த இடத்தில் முழங்காலிட்டாள். என் அம்மா. பாடகர் குழு ஒரு வரியைத் தவறவிட்டது. ஆயர் ஒரு நொடி நின்றார். பிறகு அப்பாவின் வெடிப்பு விழுந்த கையில் ஓர் அப்பம் வைத்தார், அம்மாவின் கையில் ஓர் அப்பம் வைத்தார். ஓரமாக நின்ற செக்ரட்டரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் சமையலறைத் தரையில் முழங்காலில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் சற்று நேரத்தில் ஜூலியா கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு இங்கே கோயிலுக்குப் போக வேண்டும். இது கத்தோலிக்கக் கோயில், நான் வேறு சபை, அதனால் இங்கே அப்பம் எனக்குக் கிடையாது. எல்லோரும் அப்பம் வாங்க எழுந்து போகையில் நான் பெஞ்சிலேயே இருப்பேன். அங்கேயோ போனைத் தாண்டி என் கை எட்டாது. அது தெரிந்தும், அம்மா எழுந்து போகும்வரை நீட்டிய கையை நான் எடுக்கவில்லை.