ரத்தினசாமியின் அடுப்பு மேடை

நாரணாபுரத்தில் ரத்தினசாமி வீட்டு அடுப்பு மேடையைப் போலச் சுத்தமான மேடை வேறு கிடையாது. அதன் மேல் ஒரு கேஸ் அடுப்பு இருக்கும். மற்ற எதுவும் இருக்கக் கூடாது. மிக்ஸி அலமாரிக்குள். அஞ்சறைப் பெட்டி மேல் தட்டில். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தால், ஊற்றி, மூடி, திரும்ப வைத்த பிறகுதான் கடுகு டப்பாவைத் தொடலாம். விருந்தாளி யாராவது தண்ணீர்ச் செம்பை மேடையில் வைத்துவிட்டால் ரத்தினசாமியே எழுந்து போய் எடுத்து வைப்பார்.

"ஏன் மச்சான், நீங்க சமைச்சுத்தான் சாப்பிடுறீகளா?" என்று மனைவியின் தம்பி சங்கிலிமுத்து ஒருமுறை கேட்டான். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். வேலைக்கு வேண்டியது மட்டும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பரீட்சையில் ஒரு விடை. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ரூமுக்கு நாலு வாசல், நாலு ஆள் என்பது இன்னொரு விடை. தீபாவளி நெருங்கினால் முதலாளி போனில் கூப்பிடுவார். ஆர்டர் நிற்கிறது என்பார். ரத்தினசாமி ரூமுக்கு எட்டுப் பேரை உட்கார வைப்பார். வாசல்களில் மருந்துத் தட்டுகளை அடுக்கச் சொல்வார். ஆனால் படித்த படிப்பு வீணாகக் கூடாதல்லவா? சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டத்தை அடுப்படியில் நிறைவேற்றுவார். அங்கே முதலாளி கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அவர் மனைவி முருகம்மாளும் அப்படி ஒரு ரூமின் எட்டுப் பேரில் ஒருத்தி.

ஒருநாள் அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் வெங்காயத் தோல் கிடந்தது.

"ஏளா, இது என்ன குப்பை? தீப்பக்கத்துல தோலு கிடக்கு."

"வெங்காயத் தோலு வெடிக்காதுங்க."

"எதுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"வேணும்தான். எங்க ரூமுல எந்திரிச்சு ஓடணும்னா ஏழு பேரைத் தாண்டணும். அம்புட்டுத் தட்டையும் மிதிக்கணும். அது உங்க கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

"சீசன் முடியட்டும்."

"அதுக்குள்ள நான் முடிஞ்சு போயிட்டா? இந்த மேடைய யாரு துடைப்பா?"

ரத்தினசாமி யோசித்தார். மனைவி சாவது அவருக்கும் பிடிக்காத காரியம்தான். மறுநாள் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். தனிக் கட்டடம், மருந்து வாடையே வராது. அன்று சாயங்காலம் பாராட்டுக்காக அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"என் இடத்துல யாரு?" என்று கேட்டாள்.

"தாயில்பட்டிப் பிள்ளை ஒண்ணு. பானுப்பிரியான்னு பேரு. புதுசு."

"சரிதான். எண்ணெய்ப் பாட்டிலும் கடுகு டப்பாவும் மாதிரி, ஒண்ணை உள்ள வச்சுட்டு அடுத்ததை வெளிய எடுத்திருக்கீக."

காலையில் முருகம்மாள் பழைய ரூமுக்கே போனாள். "நீ பேக்கிங்குக்குப் போ தாயி, போர்மேன் சொன்னாரு" என்று பானுப்பிரியாவை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தகவல் கேட்டு ரத்தினசாமி ஓடி வந்தார்.

"ஏளா, வெளிய வா."

"எதுக்குங்க?"

காரணத்தைச் சொன்னால் மற்ற ஏழு பேர் காதிலும் விழும். ஏழு பேரும் கையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் பக்கத்தில் இருந்த பாண்டிச்செல்வி. "வெடிச்சா மதினிக்கு மட்டுமா வெடிக்கும்?"

ரத்தினசாமி சட்டம் தெரிந்தவர். கொஞ்ச நேரத்தில் அந்த ரூமை ஒழுங்குபடுத்திவிட்டார். நாலு வாசல், நாலு ஆள். வாசல்களில் ஒரு தட்டுகூட இல்லை. கம்பெனி வரலாற்றில் அப்படி ஒரு ரூம் இருந்ததில்லை. எழுப்பிவிட்ட நாலு பேரையும், பாண்டிச்செல்வி உட்பட, அதே வரிசையில் இருந்த மற்ற ரூம்களுக்கு ஆளுக்கொரு ரூமாக அனுப்பினார். அங்கெல்லாம் எட்டு ஒன்பதானது. அந்த ரூம்களில் அவருக்கு மனைவி இல்லை.