கிள்ளான் ஆத்துல பாய்மரப் படகு, தரைக்கு அடியில கிச்சாப்

டீசல் வாடை, காயாத வார்னிஷ், கிள்ளான் ஆத்துச் சேறு... இதெல்லாம் சேந்து மூக்குல ஏறுனாத்தான் அப்போ எங்களுக்கு விடிஞ்சதா அர்த்தம்.

பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீட்ட விட்டுட்டு, பழைய பாய்மரப் படகு ஒன்ன வாங்கி, அதுலயே குடியிருந்துக்கிட்டு ரினோவேஷன் பண்ணோம். நான், என் வீட்டுக்காரர் முரளி, எங்க கறுப்புப் பூனை கிச்சாப்.

"கல்யாணம் ஆனவங்க தண்ணியிலயா குடித்தனம் பண்ணுவாங்க?"ன்னு எங்கம்மா போன்ல கேட்டாங்க.

படுக்கை மேல பெயிண்ட் டின், அடுப்புப் பக்கத்துல டிரில்... உக்காரணும்னா எதையாவது தூக்கி வெக்கணும். பூனையையும் சேத்து.

ஒரு மத்தியானம். சிங்க் தண்ணி வெளிய போற வால்வு இத்துப்போச்சுன்னு முரளி அதக் கழட்டுனாரு. சிங்க் கீழ, படகு அடியில இருந்த அந்த ஓட்டையில மரத்தக்கை வெச்சு அடிச்சாரு.

"புது வால்வு வாங்கிட்டு வந்துடுறேன் லா, நீ தொடாத"ன்னுட்டு டவுனுக்குப் போனாரு.

கொஞ்ச நேரத்துல ஒரு பெரிய போட் வேகமா கடந்து போச்சு. அலை எங்களத் தூக்கிப் போட்டுச்சு. டூல்பாக்ஸ் தடார்னு விழ, கிச்சாப் பயந்துபோய் சிங்க் கீழ இருந்த சந்துல பூந்து, தரைப் பலகைக்கு அடியில ஓடிடுச்சு.

அப்பதான் அந்தச் சத்தம்... குழாயத் தொறந்து விட்ட மாதிரி.

தக்கை பிடுங்கிக்கிச்சு!

துண்டச் சுருட்டி ஓட்டையில வெச்சு ரெண்டு கையாலயும் அமுக்குனேன். அப்பவும் ஓரத்துல பீய்ச்சுது. தண்ணியெல்லாம் தரைக்கு அடியிலதான் போகுது. அங்க கிச்சாப் கத்துது. பலகையெல்லாம் போன வாரம்தான் ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம். கைய எடுத்தா படகு போச்சு. எடுக்கலன்னா பூனை...

"பாக்சிக்! தோலோங்!"னு, மாமா காப்பாத்துங்கன்னு மலாய்ல அலறுனேன்.

பக்கத்துப் படகு மலாய்க்காரப் பெரியவர், மீன் பிடிக்கிறவரு, இரும்புக் கம்பியோட குதிச்சு வந்தாரு. தண்ணியப் பாத்ததும் "கெலுவார்! கெலுவார்!"னு என்னை வெளிய வரச் சொல்லிக் கத்துறாரு. நான் நகரல.

"குச்சிங் பாக்சிக்... கீழ! டி பாவா!"ன்னு பூனை அடியில இருக்கறத பாதி மலாய்ல, பாதி தமிழ்ல சொன்னேன்.

அந்த நேரம் கிச்சாப் சத்தம் நின்னுடுச்சு.

எந்தப் பலகைன்னு மலாய்ல கேட்டாரு. "தெரியல... எல்லாத்தையும் ஒடைங்க!"ன்னு தமிழ்லயே கத்திட்டேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, பேத்துக்கிட்டே போனாரு. முன்பக்கம் கைய விட்டு, நனைஞ்ச துணி மாதிரி ஒன்ன இழுத்தாரு. அசைவே இல்ல. தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டுனாரு...

தும்முச்சு! உடனே அவரு கையையே கடிச்சுது.

அப்புறம்தான் ஒரு கட்டையில துணி சுத்தி ஓட்டையில அடிச்சு எறக்குனாரு.

முரளி வந்தப்போ நான் கணுக்கால் தண்ணியில நிக்கிறேன். அவரு பாத்துப் பாத்து எழைச்ச தரை பூரா சில்லு சில்லு. எனக்கு அப்பதான் அழுகையே வந்துச்சு. அவரு சட்டையக் கழட்டி பூனையச் சுத்துனாரு.

"பலகைதானே... மறுபடி போட்டுக்கலாம் லா."

போட்டோம். லங்காவி தீவு வரைக்கும் ஓட்டிட்டுப் போனோம். அப்புறம் வேலை, அது இதுன்னு படக வித்துட்டு பெட்டாலிங் ஜெயாவுல ஒரு அடுக்குமாடி கொண்டோவுக்கு வந்துட்டோம்.

இங்க தரை ஆடாது. ஆளுக்கொரு ரூம், ஏர்கான், கதவு சாத்தியிருக்கும். படகுல ஒருத்தர் புரண்டு படுத்தாலே மத்த ரெண்டு பேரும் முழிச்சுக்குவோம்...

நேத்து வெளிய பேய் மழை. முரளி பக்கத்து ரூம்லருந்து வாட்ஸ்அப்ல கேக்குறாரு...

"மழையா பேயுது?"