ஐந்தோடு நின்றுபோன கெமர்

கம்போடியாவின் கெமர் மொழியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்லிக்கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல நீங்களே புடிச்சுக்குவீங்க, நானா" என்று கப்பலேறிப் போன தம்பி, என் கடையில் நடந்த அத்தனைக்கும் நீதான் காரணம். துணி வியாபாரத்தில் கை முழம் போடும் முன்னே வாய் முழம் போட்டாக வேண்டும். வாயால் கெட்ட சக கடைக்காரர்களே, நீங்களே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் கடை பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில். பள்ளிக்கூடம் என்னை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை, படித்ததெல்லாம் பேரம்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கப்பல்காரத் தம்பி கம்போடியாவிலிருந்து ஒரு மூட்டை கட்டம்போட்ட துண்டைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினான். "பேரு க்ரமா. என் கூட்டாளி பொண்டாட்டி ஒரு கெமர்க்காரி, தாகேதாவுல இருக்கா. பேரு சொக்கா. கட்டாயம் வருவா" என்றான். வந்தாள்.

மிதியடி

மழைக்காலம். வாசலில் சேறு. ஒரு க்ரமாவை மிதியடியாகப் போட்டிருந்தேன். சொக்கா என் காலடியிலிருந்து அதைப் பிடுங்கிக் குழாயில் அலசினாள். "இது எதுக்குன்னு தெரியுமா?" என்று பர்மியத்தில் கேட்டாள். "துடைக்க" என்றேன். முறைத்தாள்.

தலையில் கட்டினாள்: வயல் வெயிலுக்கு. இடுப்பில் சுற்றினாள்: ஆற்றில் குளிக்க. முனைகளை முடிந்து தோளில் மாட்டினாள்: சந்தைச் சாமான் சுமக்க. கடைசியில் என் கடைத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே கட்டி ஆட்டினாள்: பிள்ளைத் தொட்டில். கூட்டம் கூடிவிட்டது. பக்கத்தில் தோள்பைக் கடை வைத்திருந்த டோ மியாவுக்கு மட்டும் முகம் கறுத்தது. "இந்தப் பொண்ணை இனிமே இந்தப் பக்கம் விடாதீங்க. ஒரு துண்டை வச்சு என் கடையையே இழுத்து மூடிடுவா!"

சட்டையும் சோறும்

ஒரு மதியம் வந்தவள், "ஞாம் பாய்?" என்றாள்.

"ஆமா, பாய்தான். இத்தனை நாளா தெரியாதா?"

"ஞாம் பாய்?"

எனக்கு ஏறிவிட்டது. "பாய் உன் கண்ணு முன்னாலதானே நிக்கிறேன்!"

அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். கெமரில் ஞாம் என்றால் சாப்பிடுவது, பாய் என்றால் சோறு. அவர்கள் ஊரிலும் தெரிந்தவரைப் பார்த்ததும் சோறு தின்றாயா என்றுதான் விசாரிப்பார்களாம். சந்தைத் தமிழர்கள் எல்லாரும் என்னை 'சோறே, சோறே' என்று கூப்பிடுவதைக் கேட்டு இத்தனை நாள் சிரிப்பை அடக்கியிருக்கிறாள். விடுவேனா? "சொக்கான்னா எங்க பாஷையில என்ன தெரியுமா? சட்டை!" அவள் அசரவில்லை. "சரியாப் போச்சு. சட்டை வந்து சோத்துக்கிட்ட துணி வாங்குது."

கல்

தின்கன்ஜூன் பேட்டைத் தமிழ் வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்றவர், லுங்கி வாங்க வந்த இடத்தில் சொக்காவைப் பார்த்ததும் பாடம் எடுத்தார். "இந்தப் பொண்ணு ஊரு அங்கோர்னா என்ன? நம்ம நகர்ங்கிற சொல்லுதான். அவங்க எழுத்து பல்லவர் எழுத்து வழி வந்தது. அப்ப அங்க கோயில் கட்டினது யாரு? நம்மாளுங்க!" எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. சொக்காவுக்குக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்தே மொழிபெயர்த்தேன்.

எழுத்து வந்த கதை அவளுக்கும் தெரிந்திருந்தது. கட்டியவர்கள் கெமர் ராஜாக்கள் என்றாள். மலையில் வெட்டிய கல்லைத் தண்ணீர் வழியாகக் கொண்டுவந்தார்களாம். ஒரு கோயில் சுவரில் யுத்தத்தோடு சேவல்சண்டையும் அடுப்படியும் சந்தைப் பெண்களும்கூட உண்டாம். பிறகு வாத்தியாரைப் பணிவாகக் கும்பிட்டாள். "ஐயா, நீங்க சுமந்த கல்லு எதுன்னு சொல்லுங்க. ஊருக்குப் போனா தொட்டுக் கும்பிட்டுட்டு வர்றேன்."

ப்ராம்

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். பர்மாவில் தண்ணீர்த் திருவிழாவும் நமக்குச் சித்திரையும் வருகிற அதே நாட்களில்தான் கெமர் புத்தாண்டும். வீட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, புதுத் துணி கொடுத்து ஆசி வாங்குவது அவர்கள் வழக்கம். புருஷன் கடலில். மாமியார் வீட்டில் நல்ல பேர் வாங்க அவளுக்குக் கிடைத்த ஒரே நாள் அது. அதற்கு முந்தின நாள் க்ரமா வாங்க வந்தாள். பர்மியத்தில்தான் ஆரம்பித்தாள். நான்தான், "கெமர்லயே சொல்லு, எனக்குத் தெரியும்" என்று மார்தட்டினேன்.

"ப்ராம்..." என்றாள்.

ப்ராம் என்றால் ஐந்து. அவள் மூச்சு விடுமுன் ஐந்தை எடுத்துக் கட்டுப்போட்டுவிட்டேன். "பூன்" என்றாள். பூன் என்றால் நாலு. வந்ததே கோபம்! "அஞ்சுன்னே, இப்ப நாலுங்கிறியா? போட்ட கட்டை அவுக்கமாட்டேன்!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். என் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. கண் கலங்க அந்த ஐந்தோடு போனாள். மிச்சத் துண்டுகள் ஒரு மணி நேரத்தில் விற்றுப் போயின. மறுநாள் சந்தை அடைப்பு.

திருவிழா முடிந்து வந்து நின்றாள். நலம் விசாரிக்கவில்லை, 'ஞாம் பாய்' இல்லை. "ப்ராம்பூன் ஒரே வார்த்தை. அஞ்சும் நாலும் சேர்ந்தா ஒன்பது. எங்க ஊர்ல அப்படித்தான் எண்ணுவோம். வீட்டுல பெரியவங்க ஒன்பது பேரு, வயசு வரிசையில கொடுத்தேன். மாமியார் ஆறாவது."

தம்பி, நான் அவசரப்பட்டது ஒரு பங்கு என்றே வைத்துக்கொள், மீதி நாலு பங்கு உன்னுடையது: எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் நாலு க்ரமாவோடு வந்து, எனக்கு ஆறிலிருந்து பத்து வரை சொல்லிக்கொடுத்துவிட்டு, தாகேதாவுக்குப் போய் அந்த மாமியாரிடம் நீயே மன்னிப்புக் கேள், நான் வாயைத் திறக்காமல் பின்னால் நிற்கிறேன்.