ருசி பார்க்காமல் கிண்டிய கோவா

பால் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. தலைக்கனத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு தீர்ந்துபோனது. தேவதானத்தில் பால் எடுத்துக் கேனை சைக்கிளில் கட்டி ராஜபாளையத்து டீக்கடைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். கேனைத் திறந்து மூக்கை வைத்தாலே அந்த மாடு புல் தின்றதா பருத்திக்கொட்டை தின்றதா என்று சொல்லிவிடுவேன். அப்படி வந்தவன், எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒற்றை அடுப்போடு பால்கோவாக் கடை போட்டேன். பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி வாங்கிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கடை என்னுடையது, பேர் என்னுடையது, நாக்கு மட்டும் என் மாஸ்டருடையது.

மாஸ்டர் தளவாய்புரத்துக்காரர். என்னைவிட வயதில் இளையவர். அடுப்பில் முந்திரித் தோட்டைப் போட்டு எரியவிட்டு, வாயகன்ற இரும்புச் சட்டியில் பாலைச் சுண்டவைத்து, காலையிலிருந்து கிண்டிக்கொண்டே நிற்பார். பால் இறுகி வரும்போது துளி எடுத்து, ஊதி ஆறவைத்து, நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். கண்ணைத் திறந்ததும், "இன்னும் ஒரு கை சீனி" என்பார், அல்லது "போதும்" என்பார். மழைக்காலத்துப் பால் ஒரு மாதிரி, கோடைப் பால் வேறு மாதிரி. அதனால் சீனியைத் தராசில் நிறுத்துப் போடுகிற பழக்கம் எங்கள் கடையில் கிடையாது. அந்த நாக்குதான் தராசு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. திடீரென்று மாஸ்டர் ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டார். துளி எடுத்து விரலில் உருட்டிப் பதம் பார்ப்பார், அத்தோடு சரி. என்ன என்று கேட்டேன்.

"மடப்பள்ளியில ருசி பாத்தா சமைக்காக, மொதலாளி? சாமிக்குப் படைக்க முன்ன யாரும் வாயில வைக்க மாட்டாகள்ல. ஆடித் தேர் முடியிற மட்டும் நானும் நாக்குல வைக்கிறதில்லன்னு வேண்டியிருக்கேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தக் கடைக்காரனுக்கு இப்படி ஒரு மாஸ்டர் கிடைப்பான்? சிலேட்டுப் பலகை ஒன்று வாங்கி, 'ருசி பார்க்காமல் பக்தியோடு கிண்டிய கோவா' என்று எழுதவைத்துக் கடை வாசலில் மாட்டினேன். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கினார்கள். அந்த யோசனை என்னுடையது. படித்தவனுக்கு வராது.

உள்ளூர்க்காரர் ஒருவர்தான் மசியவில்லை. மாடவீதியில் குடியிருந்த பெரியவர், சனிக்கிழமை தவறாமல் கோவா வாங்குகிறவர். பலகையைப் படித்தார், பொட்டலத்தைப் பிரித்தார், துளி வாயில் போட்டார்.

"ஓய், என்ன இது, சர்க்கரைப் பாகா?"

"பக்தியா செஞ்சது சாமி. எங்க மாஸ்டரு ருசி பாக்குறதில்ல."

"மாலையைத் தான் போட்டு அழகு பாத்துட்டுப் பெருமாளுக்குக் குடுத்தவ இருக்கற ஊர் ஓய் இது! இங்க வந்து, பாக்காம குடுக்கறேன்னு பலகை மாட்டி வெச்சிருக்கீரே!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு ஒரு துளி எடுத்து வாயில் போட்டேன். மனுஷர் சொன்னது சரிதான். சீனி தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மாஸ்டரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானம் எல்லாரோடும் உட்கார்ந்து குழம்புச் சோறு சாப்பிடுகிற ஆள், தனியாகப் போய் ஆறின கஞ்சியைக் குடித்தார். வடையைக் கொடுத்தால் கும்பிட்டு மறுத்தார். ஆள் இளைத்துக்கொண்டே போக, வயிறு மட்டும் தவில் மாதிரி உப்பி நின்றது. கிண்டும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏப்பம் விடுவார். கடைவாயில் எப்போதும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சரிதான், ஒளிந்து நின்று பாலாடை தின்கிறார், விரதமெல்லாம் ஊருக்குத்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பால்கோவாக் கடையில் ஒருவன் வாயில் வெள்ளையைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிராந்திக் கடைக்கு அவர் போவது எல்லாருக்கும் தெரியும். முன்பு வாரத்தில் ஒருநாளாக இருந்தது, பிறகு அன்றாடம் ஆகிவிட்டது. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அந்த அடுப்புக்கு முன்னால் ஒரு பகல் நின்று பார்த்தால்தான் தெரியும். ராத்திரி படுத்தாலும் தோள்பட்டை கிண்டிக்கொண்டே இருக்கும். கேட்டதற்கு, "வயித்துக்குத்தான் மொதலாளி. ஒரு கட்டிங் பிராந்தியில கலர் சோடா ஊத்திக் குடிச்சா வாயு எறங்கிரும்" என்றார். காலையில் வயிறு இன்னும் உப்பிக்கொண்டு வரும். மருந்துக் கடையில் சொல்லி ஏதோ மாத்திரை வாங்கி விழுங்குவார். சாயங்காலம் மறுபடியும் கட்டிங்.

ஆனி மாதம் ஒருநாள், சட்டி அடிப்பிடித்தது. நான் கல்லாவில் இருந்தேன், தீய்ந்த வாடை அங்கேவரை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், முந்திரித் தோட்டுப் புகைக்குள் நின்று மாஸ்டர் எதுவும் தெரியாமல் கிண்டிக்கொண்டிருக்கிறார். ஒரு துளி வாயில் வைத்தேன், வேப்பங்காய்.

"ஏலே, வாயில போட்டுப் பாருல!"

"விரதம், மொதலாளி."

"தீஞ்சு கெடக்குல! விரதத்தை நாளைக்கு வச்சுக்கோ, போடு!"

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அந்த நேரம் அவர் சம்சாரம் கஞ்சித் தூக்குவாளியோடு உள்ளே வந்தது. நடந்ததைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தது.

"விரதமுமில்ல, மண்ணுமில்ல அண்ணாச்சி. அவியள வாயத் தொறக்கச் சொல்லுங்க."

"ஏட்டி, சும்மா இரு!"

"எம்புட்டு நாளைக்குச் சும்மா இருக்க? புளி ஒறைக்கலங்காக, உப்புத் தெரியலங்காக, மொளகா பட்டா உசுரு போகுதுங்காக. பச்சத் தண்ணி குடிச்சாக்கூடக் கண்ணுல தண்ணி வருது. இதுல சாயங்காலமானா அந்தக் கருமாந்தரம் வேற. தொறங்க!"

மாஸ்டர் வாயைத் திறந்தார். நாக்கு முழுக்க வெள்ளை. கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை. சுண்டின பாலில் ஆடை படிந்த மாதிரி திட்டுத்திட்டாக, இடையிடையே ரத்தச் சிவப்பு. பாலாடை என்று நான் நினைத்தது அதைத்தான்.

"முன்னாலயே சொன்னா என்னல?"

"நாக்குப் போன மாஸ்டர எவன் வச்சிருப்பான், மொதலாளி?" என்றார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

  சட்டியை இறக்கச் சொல்லிவிட்டு, மொபெட்டில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்கு விட்டேன்.

அங்கே எனக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். பால் ஊற்றுகிற காலத்திலிருந்து பழக்கம். வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஒரு சின்னக் கட்டையால் நாக்கைச் சுரண்டினார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். முதலில் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று சோதித்தார். இல்லை.

"குடிப்பீங்களா?"

"வயித்துக்காகக் கொஞ்சூண்டு" என்றார் மாஸ்டர்.

"வயித்துக்காகவா? வயித்தைக் கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. பிறகு எனக்கும் சேர்த்து விளக்கினார். "இது காளான் சாதிக் கிருமி. ரொட்டிக் கடையில மாவு பொங்குறதுக்கு ஈஸ்ட் போடுறாங்கல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். எல்லார் வாயிலயும் குடல்லயும் கொஞ்சம் இருக்கும். கூடவே நல்ல கிருமிகள் இருந்து, அதைத் தலையெடுக்க விடாம வச்சிருக்கும். நீங்க தினமும் பிராந்தி ஊத்துனா குடலோட உள்தோல் புண்ணாகுது. நல்ல கிருமி கொறையுது. சாப்பாடு எறங்காம உடம்புல நோய எதிர்க்கிற தெம்பு போகுது. போதாததுக்கு டாக்டரைக் கேட்காம வாங்கி முழுங்குன மாத்திரை, மிச்சமிருந்த நல்ல கிருமியையும் கொன்னுருக்கும். காவக்காரன் இல்லாத தோட்டம் மாதிரி ஆயிருச்சு, இது பரவிருச்சு. வயித்து உப்புசத்துக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். புண்ணான வயிறு, பிராந்தி, மேல ஊத்துற கலர், எல்லாம் சேர்ந்துதான்."

எனக்கு ஒரு சந்தேகம். "நானும் எப்பமாவது குடிக்கிறவன்தானம்மா. எனக்கு ஒண்ணும் வரலியே?"

"குடிக்கிற எல்லாருக்கும் இதுதான் வரும்னு இல்ல. உங்களுக்கு வேற ஏதாவது வரும், அவசரப்படாதீங்க" என்றார் அந்த அம்மா. மாஸ்டர் அத்தனை வலியிலும் சிரித்தார். வாய் பிளந்ததும் "ஆ" என்று பிடித்துக்கொண்டார்.

விழுங்க மாத்திரையும் வாயில் தடவ ஊதா மருந்தும் கொடுத்தார். குடியை விட வேண்டும், கொஞ்ச நாளைக்கு இனிப்பு தொடக் கூடாது, மோரும் குழைந்த சோறும் சாப்பிட வேண்டும் என்றார். குடியை விட்ட பிறகு கை ரொம்ப நடுங்கினாலோ தூக்கம் கெட்டாலோ உடனே கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என்னிடம் தனியாகச் சொன்னார்.

அந்த ஊதா மருந்து இருக்கிறதே, அதை மறைக்கவே முடியாது. நாக்கு, உதடு, துண்டு, சட்டைக் காலர் எல்லாம் ஊதா. மறுநாள் கடைக்கு வந்தவர்கள், "என்ன மாஸ்டரே, நாவப்பழக் கோவா போடுறீகளா?" என்றார்கள். விரதக் கதை ஒரே நாளில் ஊர் முழுக்க வெளுத்துப்போனது. நானே போய்ச் சிலேட்டுப் பலகையை இறக்கி, அழித்து, சமையல்கட்டில் சாய்த்துவைத்தேன்.

ஆடித் தேருக்கு மாதம்கூட இல்லை. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் எங்கள் வருஷமே ஓடும். வீட்டில் என் சம்சாரம், "வேற மாஸ்டர் பாருங்க, இந்த மனுஷன் இனிமே தேற மாட்டாரு" என்றாள். "பால் கேனோட வந்தவன் நான். அடுப்புல நிக்க எனக்குத் தெரியாதா? நாக்கு வார வரைக்கும் நானே கிண்டுதேன்" என்றேன். கிண்டவும் செய்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கிண்டினேன். மாஸ்டரைக் கல்லாவில் உட்காரவைத்தேன்.

பகல் பொழுது எப்படியோ போய்விடும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம்தான் சங்கடம். மாஸ்டரின் கை காலெல்லாம் பரபரக்கும், சும்மா சும்மா எழுந்து தெருவைப் பார்ப்பார். முதல் நாலைந்து நாள் கை நடுங்கியது. மறுபடி டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன், வேறு மாத்திரை கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த நேரம் வந்தால், "வாரும், பால் பாத்துட்டு வருவோம்" என்று மொபெட்டில் ஏற்றிக்கொண்டு தேவதானத்துக்கு விடுவேன். பஸ் ஸ்டாண்ட் வழியாகப் போகாமல் சுற்றிப் போவேன்.

"எதுக்கு மொதலாளி சுத்து வழி?"

"என் வண்டி, நான் எப்படியும் போவேன்."

"அந்தக் கடை இங்க ஒண்ணுதான்னு நெனச்சீகளா? தேவதானம் போற வழியில எம்புட்டு இருக்கு தெரியுமா?"

"காட்டாத, கண்ண மூடிக்கிட்டு உக்காருல."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை மெல்ல மெல்ல உரிந்தது. உப்பின வயிறு இறங்கியது. ஒருநாள் அவர் சம்சாரம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இன்னைக்கு ரசத்துல உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளிவிட்டாக" என்று சொல்லிவிட்டு அழுதது. கோபத்தில் அழுகிறதோ என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே அழுகிறது.

தேருக்குக் கொடி ஏறிய வாரம் டாக்டரம்மா மாஸ்டரின் வாயைப் பார்த்து, இனிப்பு துளி வாயில் வைக்கலாம் என்றார். கடைக்கு வந்ததும், நான் அன்றைக்குக் கிண்டி இறக்கியிருந்த சட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து நீட்டினேன். ஊதினார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். நான் துடுப்பைப் பிடித்தபடியே நின்றேன். மாடவீதிப் பெரியவரும் அன்றைக்கு அங்கேதான் நின்றார்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

"யார் கிண்டுனது?"

"நான்தாம்ல."

"சீனி ஒண்ணரைக் கை கூட. அடி லேசாப் பிடிச்சிருக்கு. இதையா மொதலாளி இத்தன நாளா ஊருக்கு வித்தீக?"

பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். "அப்பாடா! வந்துடுத்து ஓய், நாக்கு வந்துடுத்து!"

என் கோவாவைக் குறை சொன்ன ஒருத்தனை நான் சும்மா விட்டது அந்த ஒரு தடவைதான். துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனேன். அந்த வருஷத் தேர்க் கூட்டத்துக்கு எங்கள் சட்டிகள் கழுவக்கூட நேரம் இல்லாமல் ஓடின.

அதோடு அவர் குடியை அடியோடு விட்டார் என்று எழுதினால் பொய். தீபாவளிக்கு வழுக்கினார். ரெண்டு நாள் வயிறு அவரைப் படுத்தி எடுத்தது. மூன்றாம் நாள் காலையில் அடுப்புப் பற்றவைக்கிறதுக்கு முன்னால் நேரே என்னிடம் வந்து நின்று, குழந்தை மாதிரி நாக்கை நீட்டினார்.

"பாருங்க மொதலாளி. வெள்ளை இருக்கா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓரத்தில் லேசாக இருந்தது. மொபெட் சாவியை எடுத்தேன்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் அவர் நாக்கை நீட்டுவார், நான் பார்ப்பேன். "மொதலாளிக்கே பழிப்புக் காட்டுறான் பாரு" என்று எதிர்த்த பூக்கடையில் சிரிப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவன்தான் நான். ஆனாலும் அந்த ஒரு நாக்கைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதில் எந்த டாக்டருக்கும் நான் இளைத்தவன் இல்லை. சிவப்பாக இருந்தால், "போ, பத்தவை" என்பேன். அதற்கப்புறம்தான் எங்கள் கடையில் அடுப்பு எரியும்.